அகர்தலாப் பிள்ளையும் எங்கட ஊர் மெத்தையும்

போன சனிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள், பதினொரு வயது. மாமரத்தடியிலிருந்து கிணற்றடிப் பக்கமாக ஓடிவந்து, மண்ணில் கையை ஊன்றிக் கரணம் அடித்தாள். திரும்ப நடந்துபோய் இன்னொன்று. மூன்றாவது தடவை கால் சறுக்கி முதுகு அடிபட விழுந்தாள். கையில் இருந்த சீலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் எழும்பிப் பாவாடையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு, "சித்தி, ரெண்டாவதைப் பாத்தனீங்களோ? காலைச் சேத்து வச்சு இறங்கினனான்" என்றாள். விழுந்த கதையை அவள் எடுக்கவேயில்லை.

வேலிக்கு அங்கால் நின்று மாமி ஒருவர் பார்த்திருக்கிறார். "பிள்ளை, அவள் பெரியபிள்ளை ஆகிற வயசு. உந்தக் கரணமெல்லாம் இனிக் காணும் எண்டு சொல்லி வையும்."

மாமி நல்ல மனுசி. எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலென்றால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு முதலில் வருபவர் அவர்தான். ஆனால் அந்த வசனத்தை முப்பது வருடத்துக்கு முதல் என்னைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்திய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை தீபா கர்மாகரைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியுங்கோ.

முதலில் என்னுடைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் சனம் எதிர்பார்த்து நிற்பது உடற்பயிற்சிக் கண்காட்சிக்குத்தான். மின்சாரம் இல்லாத காலம், மண்ணெண்ணெயை அளந்து எரித்த காலம். ஆனாலும் விளையாட்டுப் போட்டிக்கு வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு, மேளம் அடிக்க அடிக்க வரிசையாக ஓடிவந்து மனிதக் கோபுரம் கட்டுவோம். ஆள் சின்னன், பாரம் குறைவு என்பதால் உச்சியில் ஏறி நிற்பது நான். கீழே நிற்கிற பிள்ளைகளின் தோள் நடுங்குவது என் உள்ளங்காலில் தெரியும். மேலே நின்று கையை விரித்தால் மைதானத்துக்கு அப்பால் பனங்கூடல் வரைக்கும் தெரியும்.

1995ஆம் ஆண்டுத் தொடக்கம், அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்த மாதங்கள். எனக்குச் சாமத்தியவீடு முடிந்து அதிக நாளில்லை. அந்த வருட விளையாட்டுப் போட்டியில் என்னைக் கோபுரத்தில் ஏற்றவில்லை. இல்லக் கொடியைத் தந்து ஓரமாக நிற்க விட்டார்கள். வீட்டில் சொல்லித்தான் அப்படிச் செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அதற்குப் பிறகு ஒரு பெட்டை கரணம் அடிக்கிறாளா இல்லையா என்று யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது?

இருபத்தொரு வருடம் கழித்து ஓர் இரவு அது முழுக்க எனக்குத் திரும்ப வந்தது. 2016 ஓகஸ்ட் 14. றியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக் வால்ட் இறுதிப்போட்டி. எங்கள் நேரம் இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. அம்மாவும் நானும் மட்டும் ரிவிக்கு முன்னால் இருந்தோம். ஓடுபாதை முனையில் ஒரு கட்டையான பிள்ளை வந்து நின்றது. ஐந்தடியும் இல்லாத உயரம். கையில் சோக்குத்தூள். முகத்தில் எங்கள் ஊர்ப் பெட்டைகளிடம் பார்க்கிற அதே நிறம், சோதனை மண்டபத்துக்குப் போக முதல் இருக்கிற அதே இறுக்கம். "இவள் ஆற்றை பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

தீபா, துலால் கர்மாகரின் பிள்ளை. தகப்பன் பாரம் தூக்குதலில் பயிற்றுநர். தாய் கௌரி. 1993 ஓகஸ்ட் 9இல் திரிபுரா மாநிலத்தின் தலைநகரான அகர்தலாவில் பிறந்தவள். இந்தியாவின் படத்தை எடுத்துப் பாருங்கோ. வடகிழக்கு மூலையில் மூன்று பக்கமும் வங்காளதேசம் சூழ ஒரு சின்ன மாநிலம். அகர்தலாவின் ஓரத்தில் நின்றால் எல்லை தெரியும். அங்கிருந்து டெல்லிக்கு நேரடியாக அகலப்பாதை ரயில் விட்டது 2016 யூலை கடைசியில்தான், இவள் ஒலிம்பிக்கில் இறங்க ஒரு கிழமைக்கு முதல். யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் வர 2014 ஒக்டோபர் வரை காத்திருந்த எங்களுக்கு, தலைநகரத்துக்குத் தூரமாக இருப்பதென்றால் என்னவென்று யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆறு வயதில் தகப்பன் கொண்டுபோய் ஜிம்னாஸ்டிக் பழக விட்டார். அவளுக்கு அப்போது அதில் விருப்பமே இல்லையாம். அதைவிடப் பெரிய குறை, தட்டைப் பாதம். எங்களுக்கெல்லாம் உள்ளங்காலில் ஒரு வளைவு இருக்கிறதே, அது அவளுக்கு இல்லை. ஓடிவந்து பலகையில் மிதித்து எழும்பவும், உயரத்திலிருந்து இறங்கவும் அந்த வளைவுதான் வில்லுப்போல வேலை செய்யும். அது இல்லாத பிள்ளையைப் பெரும்பாலான பயிற்றுநர்கள் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சோமா நந்தி அனுப்பவில்லை. முதலில் பழக்கியவர் அவர். பிறகு அவருடைய கணவர் பிஸ்வேஸ்வர் நந்தி பொறுப்பெடுத்தார். வருடக்கணக்கான பயிற்சியால் அந்தக் காலைச் சரிப்படுத்தினார்கள்.

பழகிய இடத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு எங்கள் பள்ளிக்கூட மண்டபங்கள்தான் ஞாபகம் வந்தன. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், எலி ஓடும், கரப்பான் பறக்கும். வால்ட் பழகச் சரியான உபகரணம் இல்லாதபோது பழைய ஸ்கூட்டரின் உதிரிப்பாகங்களை வைத்து நந்தி ஒன்றைச் செய்திருக்கிறார். முதல் போட்டிக்கு அவள் போட்டுக்கொண்டு போனது இரவல் உடுப்பு, அளவுக்கும் சரியில்லை. பெரிய அரங்குகளில் புதுக் கரணம் பழக ஒரு குழி இருக்கும். அதில் மெத்தைத் துண்டுகள் நிரம்பியிருக்கும், தவறி விழுந்தாலும் அதிகம் நோகாது. அகர்தலாவில் அந்தக் குழி இல்லை. கழித்துவிட்ட பழைய மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் விழ விட்டுத்தான் பழக்கினார்கள்.

அந்த மெத்தை அடுக்கை மறந்துவிடாதேயுங்கோ. கடைசியில் அதற்குத்தான் வருவேன்.

இதற்குப் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தீபாவை விளங்காது. 1960களில் தலிப் சிங் என்ற பயிற்றுநர் திரிபுராவில் ஜிம்னாஸ்டிக்கைப் பழக்கத் தொடங்கினார். அந்த வழியில் வந்த மன்ரு தேப்நாத் 1975ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். பிஸ்வேஸ்வர் நந்தியும் அதே மரபில் வந்து தேசிய சம்பியனாக இருந்தவர். ஒரு வாத்தியார் ஒரு ஊரில் தங்கினார். அவரிடம் பழகினவர்கள் ஊரை விட்டுப் போகாமல் அடுத்த தலைமுறையைப் பழக்கினார்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் அந்த மூலையிலிருந்து ஓர் ஒலிம்பிக் வீராங்கனை வந்தாள். காசு, அரங்கு, அரசாங்கம் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

2011 தேசிய விளையாட்டு விழாவில் நான்கு உபகரணங்களிலும் தங்கம், ஒட்டுமொத்தத்திலும் தங்கம், ஆக ஐந்து. ஆனால் இந்தியாவில் முதலாவதாக வருவது வேறு, உலகத்தில் நிற்பது வேறு. ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் நல்ல அரங்கில் வளர்ந்த பிள்ளைகளோடு அழகிலும் சுத்தத்திலும் போட்டி போட்டுப் புள்ளி எடுப்பது அகர்தலாப் பிள்ளைக்குக் கஷ்டம். மற்றவர்கள் செய்யப் பயப்படுகிற ஒன்றைச் செய்தால்தான் கதவு திறக்கும் என்று நந்தி கணக்குப் போட்டார். அந்த ஒன்றின் பெயர் புரொடுனோவா.

அதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். ஓடுபாதை 25 மீற்றர். முடிவில் ஒரு சுருள்வில் பலகை, அதற்கு அங்கால் 125 சென்ரிமீற்றர் உயரத்தில் மேசை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட நாடியளவு. முழு வேகத்தில் ஓடிவந்து பலகையில் மிதித்து, தலைகீழாகி இரண்டு கையாலும் மேசையை உந்தித் தள்ள வேண்டும். அங்கிருந்து காற்றில் முன்பக்கமாக இரண்டு முழுக் குத்துக்கரணம். பிறகு கால் ஊன்ற வேண்டும். பின்பக்கமாகச் சுற்றினால் இறங்கும்போது தரை கண்ணுக்குத் தெரியும். முன்பக்கமாகச் சுற்றுகிறவளுக்குக் கடைசிக் கணம் வரை தரை தெரியாது. எப்போது உடம்பை விரிப்பது என்பது பழக்கத்தில் மட்டும் இருக்கிற கணக்கு. அரைச் சுற்றுக் குறைந்தால் கழுத்து முதலில் தரையைத் தொடும். மரண வால்ட் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு.

1999இல் ரஷ்யாவின் யெலேனா புரொடுனோவா இதைச் செய்ததால் அவருடைய பெயரே அதற்கு நிலைத்தது. றியோ வரைக்கும் போட்டியில் இதைச் செய்து காலூன்றின பெண்கள் ஐந்து பேர் மட்டும். அவர்களில் ஒருத்தி தீபா. உலகத்தை ஆண்டுகொண்டிருந்த சிமோன் பைல்ஸ் கூடப் போட்டியில் இதைத் தொடவில்லை. அவருக்குத் தேவையும் இருக்கவில்லை. தீபாவுக்குத் தேவை இருந்தது. அந்த வால்ட்டுக்கு அப்போது கடினப் புள்ளி 7.0, எல்லாவற்றையும் விட உயர்ந்தது. கொஞ்சம் பிசகி இறங்கினாலும் மற்றவர்களோடு சமமாக நிற்கலாம்.

2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டில் அதைச் செய்து வெண்கலம் வென்றாள். பொதுநலவாய விளையாட்டில் ஜிம்னாஸ்டிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். 2015இல் ஹிரோஷிமாவில் ஆசிய சம்பியன்ஷிப் வெண்கலம், அதே வருடம் உலக சம்பியன்ஷிப் வால்ட் இறுதியில் ஐந்தாமிடம். 2016 ஏப்ரலில் றியோவில் நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளி எடுத்து ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தாள். இந்தியாவிலிருந்து ஒரு ஜிம்னாஸ்ட் ஒலிம்பிக்குக்குப் போய் 52 வருடமாகியிருந்தது. பெண் என்றால் இவள்தான் முதல்.

றியோவில் நடந்த ஒரு விசயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இறுதிக்குத் தெரிவான எட்டுப் பேரில் எட்டாவதாக உள்ளே வந்தாள். இரண்டு நாளில் பிறந்தநாள், 23 வயது. திடீரென்று நாடு முழுக்க அவளைத் தேடுகிறது. நந்தி என்ன செய்தார் தெரியுமா? அவளுடைய போனிலிருந்து சிம்மைக் கழற்றி எடுத்துவிட்டார். பிறந்தநாளுக்கு அவளோடு கதைக்கத் தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும் அனுமதி. இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கு, சோதனைக் காலத்தில் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு இருந்து, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பின அப்பாவின் முகம்தான் தெரிந்தது. அவளுக்கு உடற்சிகிச்சை செய்பவரை முதலில் றியோவுக்கு அனுப்பவில்லை. இறுதிக்குத் தெரிவான பிறகுதான் அவசரமாக அனுப்பினார்கள். அது எனக்கு இன்றைக்கும் மனதுக்கு ஒப்பவில்லை.

இனி அந்த இரவுக்கு வாறன். இரண்டு வால்ட் செய்ய வேண்டும், இரண்டினதும் சராசரிதான் புள்ளி. முதலாவது இரட்டைத் திருகலோடு தசுகஹாரா என்கிற வால்ட், 14.866. பிறகு புரொடுனோவா. ஓடினாள். அம்மா என் கையைப் பிடித்தார். இரண்டு சுற்று முழுதாகச் சுற்றிக் கால் ஊன்றியது. ஆனால் வேகம் அவளைக் கீழே அழுத்தியது. பின்பக்கம் மெத்தையில் உரசியும் உரசாமலும் குந்தினாற்போல் போய், அப்படியே எழும்பி நிமிர்ந்து கையைத் தூக்கினாள். 15.266. சராசரி 15.066.

அவள் முடித்தபோது இரண்டாமிடம். அவளுக்குப் பிறகு வர இருந்தவர்கள் ரஷ்யாவின் மரியா பசேக்காவும் சிமோன் பைல்ஸும். பைல்ஸ் 15.966, பசேக்கா 15.253, சுவிற்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்றூபர் 15.216. நாலாவது தீபா. வெண்கலத்துக்கும் அவளுக்கும் இடையில் 0.150. ஒரு வால்ட்டில் பெரிய அடி ஒன்று சறுக்கி வைத்தால் சராசரியில் குறைகிற புள்ளி அவ்வளவுதான்.

அம்மா கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை விழேல்லைத்தானே?" என்று கேட்டார். விழவில்லை அம்மா என்றேன். "அப்ப சரி" என்று எழும்பிப் படுக்கப் போனார். நான் மட்டும் இருந்து அழுதேன். பதக்கம் போனதற்காக அழவில்லை. கோபுரத்தின் உச்சியிலிருந்து என்னை இறக்கிவிட்ட அந்த வருடத்துக்கு, இருபத்தொரு வருடம் பிந்தி அழுதேன்.

அதற்குப் பிறகு விருதுகள் வந்தன. அந்த வருடமே கேல் ரத்னா, அடுத்த வருடம் பத்மஸ்ரீ, நந்திக்குத் துரோணாச்சாரியர் விருது. ஒரு பி.எம்.டபிள்யூ காரும் பரிசாகக் கிடைத்தது, சச்சின் டெண்டுல்கர் கையால் திறப்பு. அகர்தலாத் தெருக்களில் அதை ஓட்டுவதும் பராமரிப்பதும் கஷ்டம் என்று குடும்பம் அதைத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கிடைத்த காசில் ஊருக்கு ஏற்ற கார் ஒன்று வாங்கியது. தங்கள் தெருவைத் தெரிந்து வைத்திருக்கிற குடும்பம். அந்தச் செய்தியைப் படித்தபோது அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

எல்லோரும் றியோவோடு கதையை முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவளுடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2017இல் முழங்கால் இணைநார் கிழிந்து சத்திரசிகிச்சை. புரொடுனோவாவுக்குக் கொடுக்கிற கடினப் புள்ளியையும் அந்த வருடத்திலிருந்து குறைத்தார்கள். அவள் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த சொத்தின் பெறுமதி ஒரே நாளில் இறங்கியது. 2018 யூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் திரும்பி வந்து வால்ட்டில் தங்கம் எடுத்தாள். அதே வருட முடிவில் ஜேர்மனியின் கொட்புஸில் உலகக் கிண்ண வெண்கலம். 2019இல் பாகுவில் திரும்பவும் முழங்கால். டோக்கியோ ஒலிம்பிக் கைவிட்டுப் போனது.

பிறகு வந்ததை மறைத்து எழுதினால் அது அவளுக்கு நான் செய்கிற மரியாதை ஆகாது. 2021 ஒக்டோபரில் எடுத்த மாதிரியில் ஹிஜெனமின் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. சில சத்து மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும். தெரியாமல் உள்ளே போய்விட்டது என்று அவள் சொன்னாள். ஆனாலும் உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு வீராங்கனையே பொறுப்பு, அதுதான் சட்டம். 21 மாதத் தடை. 2023 யூலை 10ஆம் திகதி வரைக்கும் போட்டி இல்லை. முப்பது வயதை நெருங்குகிற ஒரு ஜிம்னாஸ்டுக்கு அது கிட்டத்தட்ட ஓய்வு பெறு என்று சொல்வதற்குச் சமம். தடை முடிந்து வந்து தெரிவுப் போட்டியில் முதலாவதாக வந்தும் அந்த வருட ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு அவளை அனுப்பவில்லை. முந்திய பன்னிரண்டு மாதப் பெறுபேறு இல்லை என்பது காரணம். தடையில் இருந்தவளுக்குப் பெறுபேறு எங்கேயிருந்து வரும்?

அவள் திரும்ப அகர்தலாவுக்குப் போனாள். அதே நந்தியிடம்.

2024 மே 26, தாஷ்கண்ட். ஆசிய சம்பியன்ஷிப் வால்ட் இறுதி. புரொடுனோவா இல்லை, அதைத் தாங்கிற முழங்கால் இப்போது இல்லை. எளிதான வால்ட்டுகளைச் சுத்தமாகச் செய்தாள். 13.566. தங்கம். வட கொரியப் பிள்ளைகள் இரண்டு பேர் வெள்ளியும் வெண்கலமும். ஆசிய சம்பியன்ஷிப்பில் தங்கம் எடுத்த முதல் இந்திய ஜிம்னாஸ்ட், முப்பது வயதில். றியோ இரவை இந்தியா முழுக்கக் கண்விழித்துப் பார்த்தது. தாஷ்கண்டை எத்தனை பேர் பார்த்தார்கள்? ஆனால் என் கணக்கில் அந்த 13.566, றியோவின் 15.066ஐ விடப் பாரமானது. இருபத்திமூன்று வயதில் பயமில்லாமல் பறப்பது ஒன்று. இரண்டு தடவை முழங்கால் உடைந்து, பெயரும் கெட்டு, ஆட்கள் மறந்துபோன பிறகு, திரும்பவும் முதல் நாள் பிள்ளைபோல 25 மீற்றர் பாதையின் முனையில் போய் நிற்பது வேறொன்று.

ஐந்து மாதத்துக்குள், 2024 ஒக்டோபர் 7, ஓய்வை அறிவித்தாள். இருபத்தைந்து வருடம் தன்னைப் பழக்கிய நந்தி சேருக்கும் சோமா மடத்துக்கும் நன்றி சொன்னாள். ஒரே ஊர், ஒரே வாத்தியார்கள், இருபத்தைந்து வருடம். நான் அந்த வரியை மூன்று நான்கு தடவை வாசித்தேன்.

"அது இந்தியா, பெரிய நாடு, எங்களுக்கு எங்க" என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லாதேயுங்கோ. இலங்கையிலிருந்து மில்கா கெஹானி என்ற பிள்ளை 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக் செய்திருக்கிறாள், இந்த நாட்டிலிருந்து போன முதல் ஜிம்னாஸ்ட், தேசியக் கொடியையும் பிடித்துக்கொண்டு போனாள். எங்கள் குடாநாட்டையே எடுங்கோ. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்து வந்தவர் யாழ் மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம். வலைப்பந்தாட்டத்தில் ஆசியாவே அண்ணாந்து பார்த்த தர்ஜினி சிவலிங்கம் புன்னாலைக்கட்டுவன் பிள்ளை. சின்னனில் அவளுடைய உயரத்தைப் பார்த்துத்தான் ஊர் பகிடி பண்ணியது. 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டாள், அந்தத் தொடரில் அதைவிட அதிகம் போட்டவர் இல்லை.

ஜிம்னாஸ்டிக்குக்கு ஆகக் கிட்டின கதை அனித்தா ஜெகதீஸ்வரனுடையது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவி. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை ஒரு தடவை இல்லை, பல தடவை புதுப்பித்தாள். 2017இல் 3.55 மீற்றர். கோலூன்றிப் பாய்தலைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாதி ஓட்டம், பாதி கரணம். கோலை ஊன்றித் தலைகீழாகிக் காலை வானத்துக்கு எறிந்து, உடம்பைத் திருப்பிக் குறுக்குத்தடியைத் தாண்ட வேண்டும். மகாஜனா போரில் இடம்பெயர்ந்து வேறிடங்களில் இயங்கித் திரும்பி வந்த பள்ளிக்கூடம். அங்கே சுபாஸ்கரன் என்ற பயிற்றுநர் நின்றார். பிள்ளைகளை அந்தக் கோலோடு பழக்கினார். இன்றைக்குத் தேசிய மட்டத்தில் கோலூன்றிப் பாய்தல் என்றால் வடமாகாணம் என்று சொல்கிற நிலைமை வந்திருக்கிறது. அகர்தலாவில் நடந்ததும் இதுதான். ஒரு வாத்தியார் நின்றார்.

2016 ஜூனில், றியோவுக்கு இரண்டு மாதம் முதல், இந்திய உதவியோடு திருத்திய துரையப்பா விளையாட்டரங்கைத் திறந்தார்கள். நல்ல விசயம், மைதானம் வேண்டும்தான். ஆனால் ஆறு ஏழு வயதுப் பிள்ளை கரணம் பழகுவது விளையாட்டரங்கில் இல்லை, வீட்டுக்குக் கிட்ட நடந்துபோகிற தூரத்தில். அந்த வயதில் தொடங்கவில்லையென்றால் ஜிம்னாஸ்டிக்கில் பிறகு தொடங்கிப் பிரயோசனம் குறைவு. எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னேரம் நான்கு மணிக்கு ரியூசன் தொடங்குகிறது. புலமைப்பரிசில் முடியும்வரை மைதானத்தின் பக்கமே போக விடுவதில்லை. அது முடிய, பெட்டையென்றால், வேலிக்கு அங்காலிருந்து மாமியின் குரல் வந்துவிடும். இரண்டுக்கும் இடையில் பிள்ளைக்கு ஒரு வருடம் கூடக் கிடையாது.

பெறாமகள் தீபாவாக வரவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. பதினொரு வயது, ஒலிம்பிக் கணக்கில் பிந்திவிட்டது. புரொடுனோவாவைப் போனில் பார்த்துவிட்டு முற்றத்தில் முயற்சி செய்யவே கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இதை வாசிக்கிற பெற்றோரும் சொல்லி வையுங்கோ, கழுத்து விளையாட்டுச் சாமான் இல்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அவள் பெரியபிள்ளையான அடுத்த கிழமையும் கரணம் அடிக்க வேண்டும். அவளுக்குப் பிறகு வருகிற ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பழக ஓர் இடம் இருக்க வேண்டும்.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பின்மண்டபம் சும்மா கிடக்கிறது. பத்திரிகை வாசிக்க வருகிற ஐயாமார் முன்பக்கம் இருப்பார்கள், பின்பக்கத்தில் பழைய கதிரைகள்தான். நிர்வாகத்தோடு கதைத்தோம், சனி ஞாயிறு காலையில் பாவிக்க விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் சம்பளமில்லாமல் வந்து பழக்கச் சம்மதித்திருக்கிறார். முன்கரணம், பின்கரணம், கையில் நிற்பது, விழுகிறபோது நோகாமல் விழுவது. முதல் வருடம் இவ்வளவும்தான். ஏழு பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள், ஆறு பெட்டைகள், ஒரு பெடியன். மாமியிடமும் போய்க் கதைத்தேன். இன்னும் ஓமென்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய பேத்தி எட்டாவது பெயராகச் சேரக் கூடும்.

ரீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மெத்தை இல்லாமல் ஒரு பிள்ளையையும் கரணம் அடிக்க விடமாட்டேன் என்கிறார். சரியான பேச்சு. கையில் இப்போது இரண்டு இருக்கிறது. ஆகக் குறைந்தது எட்டு வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். வீட்டில் பாவிக்காத இறப்பர் மெத்தை, பஞ்சு மெத்தை, கட்டிலை மாற்றினபோது சுருட்டி மேலே போட்டு வைத்தது, வெளிநாட்டிலிருந்து வந்து போனவர்கள் வாங்கி விட்டுப் போனது எது இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கோ. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உறை தைப்பதற்கு அக்கா இருக்கிறாள். வலிகாமத்துக்குள் எங்கேயென்றாலும் லான்ட்மாஸ்ரர் கொண்டுவந்து நாங்களே ஏற்றிக்கொண்டு போவோம்.